ரப்பர் விளையில் நிற்கும் கேம்பர் வண்டியும் கள்ளனும்

என் வண்டியில் கள்ளன் கைவைத்தது எந்தத் தேதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜனவரி நடுவில் மாமனார் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிப்ரவரி கடைசியில் சக்கை (பலா) காய்த்திருக்கிறதா என்று பார்க்க விளைக்கு (தோட்டத்துக்கு) போனவர், வண்டியின் பக்கக் கதவு பாதி திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். இடையில் நாற்பது நாள். நான் கப்பலில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது: “மக்களே, வண்டி நிக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்லல்லா.”

எனக்கு வேலை என்ஜின் ரூம் ஃபிட்டர். ஆறு மாதம் கடல், மூன்று நாலு மாதம் வீடு. செகண்ட் ஹேண்டில் ஒரு டெம்போ டிராவலர் வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, கூரையில் சோலார் பேனல் என்று நானே பொருத்தி, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வண்டியாக்கினேன். ஊரில் இருக்கும் மாதங்களில் குடும்பத்தோடு வால்பாறை, மூணாறு, தனுஷ்கோடி என்று சுற்றுவோம். நான் கப்பல் ஏறியதும் வண்டி நிற்கும். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுச் சந்தில் அது நுழையாது என்பதால் குலசேகரம் பக்கம் மாமனாரின் ரப்பர் விளையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினோம்.

போனவை: உள்ளே கரண்டுக்கு வைத்திருந்த லித்தியம் பேட்டரி இரண்டு, வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர், ஸ்டெப்னி, ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு. கூடவே புட்டுக்குடம். கூடாரத்தை மட்டும் தொடவில்லை. அது என்ன சாமான் என்று அவனுக்குப் புரியவில்லை போல.

ஸ்டேஷனில் என் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்போ போச்சு?” அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா தரையைப் பார்த்தார். நான் இங்கே எழுதப்போவது எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்து கற்றுக்கொண்டதுதான். பூட்டு கள்ளனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவே. அந்தத் தாமதத்துக்குள் யாராவது வந்து பார்க்க ஏற்பாடு இல்லை என்றால் எவ்வளவு பெரிய பூட்டு போட்டும் பயனில்லை. நாற்பது நாளை ஒரு நாளாகச் சுருக்குவதுதான் முதல் வேலை.

சரி, இடத்தில் இருந்து தொடங்குவோம். ரப்பர் விளை நல்ல மறைவு என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். ஜூன் மாதம் ரோட்டில் நின்று பார்த்தால் கொட்டகை இருப்பதே தெரியாது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பிறந்ததில் இருந்து பார்த்தவன்தான், இருந்தும் தோன்றவில்லை. இலை கொட்டியபின் கீழ் ரோட்டில் பைக்கில் போகிறவனுக்குக்கூட வெள்ளை வண்டி பளிச்சென்று தெரியும். அதே சமயத்தில் ரப்பர் பால் வெட்டுக்கும் ஓய்வு விட்டுவிடுவார்கள். மற்ற மாதங்களில் விடியுமுன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கும் ஆள் அப்போது விளைப் பக்கமே வரமாட்டார். வண்டி நன்றாகத் தெரிகிற மாதமும் ஆள் வராத மாதமும் ஒன்றாக விழுந்தன. கள்ளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தென்னந்தோப்போ, வாழைத்தோட்டமோ, சொந்தக்காரர் வீட்டு முற்றமோ, நிறுத்தும் இடம் எதுவானாலும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு கணக்குப் போடுங்கள். எந்த மாதம் யார் தினமும் அந்த வழியாக நடக்கிறார்கள், எந்த மாதம் யாரும் இல்லை? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. இரவு முழுக்கத் தகரத்தில் மழை கொட்டும்போது உள்ளே சுத்தியலால் அடித்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. ஆளில்லாத மாதத்துக்குத்தான் காவல் ஏற்பாடு வேண்டும். மற்ற மாதங்கள் தாமாக நடந்துவிடும்.

கொட்டகையில் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் அவன் நேராக ஓட்டிக்கொண்டு போவான். முகப்பு சுவரைப் பார்க்க, பின் கதவு சுவரில் இருந்தோ மரத்தில் இருந்தோ ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. பின் கதவை ஒரு மரத்தோடு ஒட்டி நிறுத்துவதைத் தேர்ந்தெடுத்தேன். ஏனென்றால் பெரிய சாமானெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வரும்.

அடுத்தது, வண்டியைக் காலி செய்வது. இதைச் சோம்பேறித்தனத்தால்தான் விட்டேன். பால் வெட்டும் அண்ணன் பிறகு சொன்னார்: “செரட்டையில கெடக்க ஒட்டுபாலையே விட்டு வைக்காதவன், பேட்டரிய விடுவானா தம்பி?” ஒட்டுபால் என்றால் செரட்டையில் ஒட்டிக் காய்ந்த மிச்ச ரப்பர் பால். நியாயம்தானே. இப்போது லித்தியம் பேட்டரிகளைப் பாதி சார்ஜில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். அவற்றுக்கும் அதுதான் நல்லது, முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. இன்வெர்ட்டர், சிலிண்டர், ஸ்டெப்னி எல்லாம் வீட்டில். அப்புறம் எல்லா அலமாரிக் கதவையும் திறந்து வைத்து, ஜன்னல் திரையை விலக்கிவிடுகிறேன். டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியே நின்றே தெரியட்டும். திரை மூடியிருந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைத்துப் பார்ப்பான், கண்ணாடிக் காசும் நமக்குத்தான்.

சோலார் பேனலை மட்டும் கழற்றவில்லை. நட்டை முறுக்கியபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் மரையில் சென்டர் பஞ்ச் வைத்து மூன்று இடத்தில் தட்டிவிட்டேன். மரை மழுங்கியதால் ஸ்பானர் போட்டு நட்டைக் கழற்ற முடியாது, கிரைண்டர்தான் வேண்டும். கப்பலில் அதிர்வுக்கு நட்டு கழலாமல் இருக்க நாங்கள் செய்வது இது.

இனி வண்டியையே கொண்டுபோகாமல் இருக்க என்ன செய்வது? பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வருகிறவன் ஒரு பேட்டரி கொண்டுவந்தால் முடிந்தது. அதிலும் பழைய டீசல் என்ஜின் என்றால் தள்ளிவிட்டே ஸ்டார்ட் செய்யலாம், ஸ்டார்ட் ஆனபின் ஓட அதற்குக் கரண்டே பெரிதாக வேண்டாம். நான் டீசல் டியூபில் ஒரு சிறிய வால்வு போட்டு, சீட்டுக்கு அடியில் கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். அதை மூடினால், டியூபில் மிச்சம் இருக்கும் டீசலில் கொஞ்சம் ஓடி நின்றுவிடும். உள்ளே காற்றும் புகுந்துவிடும். ராத்திரியில் ரோட்டோரம் நின்று ஏர் எடுக்க எந்தக் கள்ளனுக்கும் பொறுமை இருக்காது. புதிய வண்டி என்றால் எரிபொருள் பம்ப்பின் ரிலேயைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். எது எந்த ரிலே என்று தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் லாக், கியர் லாக் எல்லாம் மாட்டலாம், தவறில்லை. ஆனால் ரெக்கவரி வண்டி கொண்டுவந்து தூக்கிப் போகிறவனை அவை ஒன்றும் செய்யாது.

அவனைத் தடுப்பது முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிடுவதுதான். எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாவதும் இல்லை, கழற்றிய சக்கரங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கும். முதல் தடவை செய்தபோது ஆக்சில் ஸ்டாண்டை வெறும் செம்மண்ணில் வைத்தேன். மழை பெய்து மண் இளகியதும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நல்ல காலம், நான் அடுத்த நாள்தான் கிளம்புவதாக இருந்தேன். “ஒரு பக்கம் சரிஞ்சுல்லா நிக்கு” என்று காலையில் மாமியார் வந்து சொன்னபோது ஓடிப்போய் ஜாக்கி கொடுத்து நிமிர்த்தினேன். இப்போது ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் பலகை போட்டிருக்கிறேன். வெட்டுகல், செங்கல், ஹாலோ பிளாக் இவற்றின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கீழே ஆள் படுத்திருந்தால் அவ்வளவுதான். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு வைத்து ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். போட்டபடி ஆறு மாதம் கிடந்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பிரேக் பிடித்துக்கொண்டு விடாது.

சங்கிலியை ரப்பர் மரத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தடி மிருதுவானது. கைவாள் போதும், மரம் சாய்ந்துவிடும், சங்கிலி முழுசாகக் கிடைக்கும். நான் கொட்டகைத் தரையில், வண்டியின் நடுவயிற்றுக்கு நேர் கீழே, இரண்டடி அகலத்துக்கும் இரண்டரை அடி ஆழத்துக்கும் குழி தோண்டி, 20 மில்லி கம்பியை வளைத்து, அதன் இரண்டு காலையும் அடியில் வெளிப்பக்கம் மடக்கி, ஜல்லி கான்கிரீட் போட்டேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டேன். வளையம் மட்டும் தரைக்கு மேலே நாலு விரல் தெரியும். சங்கிலி பின் ஆக்சிலைச் சுற்றி வந்து அதில் பூட்டும். நடுவயிற்றுக்கு நேராக ஏன் என்றால், வெட்ட வேண்டுமானால் அவன் படுத்து ஊர்ந்து உள்ளே போகவேண்டும். நின்றுகொண்டு நீளமான கட்டர் பிடியை அழுத்துகிற வசதி அங்கே கிடையாது. சங்கிலியை மாட்டும்போது பிரேக் பைப்பின் மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டியூபை அதன்மேல் உறையாக மாட்டினால் சத்தமும் இல்லை, துருவும் குறைவு.

ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் தரும் சாதாரணச் சங்கிலி பெரிய போல்ட் கட்டருக்கு முறுக்கு மாதிரி. கடினப்படுத்திய இரும்பில் 12 மில்லிக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எதையும் அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தீப்பொறி பறக்கும், கத்தும், நேரம் எடுக்கும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் பகலில் எங்கோ ஒரு தடி அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பகல் பதினொரு மணிக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே ராத்திரியை மட்டும் நினைத்துப் பயப்படாதீர்கள்.

பூட்டில், வளைவு வெளியே நீட்டாத வட்டப் பூட்டு நல்லது, கட்டர் வாய்க்கு இடமே கிடைக்காது. முட்டம், குளச்சல் போல் கடலை ஒட்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு கள்ளன். பித்தளைப் பூட்டு பலவற்றிலும் இரும்புப் பாகங்கள் உண்டு. சாவித்துளையில் கிரீஸ் அடைக்காதீர்கள், தூசி சேர்ந்து சாவி நுழையாது. பென்சில் முனையைச் சுரண்டி எடுத்த கரித்தூளைத் துளையில் ஊதிவிட்டு, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைப் பூட்டின் மேல் தொப்பியாகக் கட்டிவிடுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதவுக்குப் பிரமாதம், எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் இன்னும் ஒன்று தொங்குகிறது. வண்டிச் சங்கிலிக்கு நான் அதைப் போடவில்லை.

ஜிபிஎஸ் வாங்கப் போனால் கடைக்காரர் வண்டி பேட்டரியில் வயர் கொடுக்கும் வகையைத்தான் முதலில் காட்டுவார். நாம்தான் பேட்டரியைக் கழற்றிவிட்டோமே. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி சீக்கிரமே தீர்ந்துவிடும். நிற்கும் வண்டிக்குத் தன் சொந்த பேட்டரியில் தூங்கி, நாளுக்கு ஒருமுறை விழித்து இடத்தைச் சொல்லும் வகைதான் சரி. வாங்குமுன் அதற்குள் போடும் சிம்முக்கு அந்த விளையில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான டிராக்கர் பலவும் 2ஜியில் ஓடுபவை, ஜியோவில் 2ஜி கிடையாது. ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு தடவை டிராக்கர் இரண்டு நாள் பேசவில்லை என்று மனைவி ஆட்டோ பிடித்து விளைக்கு ஓடினாள். வண்டி இருந்த இடத்தில் இருந்தது. ரீசார்ஜ் முடிந்திருந்தது.

ஆப்பிளின் ஏர்டேக், பக்கத்தில் ஐபோன் நடமாடினால்தான் இடம் சொல்லும். ரப்பர் விளைக்குள் யார் ஐபோனோடு வருகிறார்கள்? கேமராவும் வைத்தேன், சோலாரில் ஓடுவது. மரநிழலில் மழை மாதம் முழுக்கச் சார்ஜ் ஏறவில்லை. இலை உதிர்ந்தபின் நன்றாக ஏறியது, ஆனால் விழுகிற ஒவ்வொரு சருகுக்கும் “ஆள் நடமாட்டம்” என்று போனில் மணி அடித்தது. நாலாவது நாள் மனைவி சத்தத்தை நிறுத்திவிட்டாள். இப்போது கேமரா வண்டியைப் பார்க்கவில்லை, விளைக்குள் நுழையும் ஒற்றை வழியை மட்டும் பார்க்கிறது. வண்டி போகவேண்டுமானால் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு உதவுவது ஒரு வாரியல். மாமனார் வாரம் இரண்டு தடவை வண்டியைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி மண்ணைக் கோடு கோடாக விடுவார். சருகு தீப்பிடிக்கும் பயமும் போயிற்று. அந்தக் கோட்டின் மேல் செருப்புத் தடம் விழுந்தால் மறுநாள் தெரியும். நாய்த் தடமும் கோழித் தடமும் எப்போதும் இருக்கும், மனிதத் தடம் தனியாகத் தெரியும். கதவுக் கைப்பிடியில் இருந்து கொட்டகைக் கம்பத்துக்கு ஒரு கறுப்புத் தையல் நூல் கட்டியிருப்பார். இரண்டாவது வருஷம் பக்கக் கதவுக் கைப்பிடியில் ஒரு சிலந்தி வலை பின்னிவிட்டது. அதைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமனார் அனுப்பும் போட்டோவில் முதலில் நான் பார்ப்பது அந்த வலையைத்தான்.

பால் வெட்டும் அண்ணனுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், வெட்டு இல்லாத மாதத்துக்கும் சேர்த்து. சொல்லப்போனால் அந்த மாதத்துக்குத்தான் கொடுக்கிறேன். தினமும் ஒரு போட்டோ, அவ்வளவுதான் வேலை. பக்கத்து விளைக்காரர்களிடமும், ரோட்டோரச் சாயாக்கடையிலும் ஒன்றே ஒன்று சொல்லி வைத்தேன்: ஒர்க்‌ஷாப்பில் இருந்து வருகிறோம் என்று யார் ரெக்கவரி வண்டி கொண்டுவந்தாலும், என் பெயரையே சொன்னாலும், வீட்டுக்குப் போன் அடிக்காமல் விடவேண்டாம். ஆனால் வண்டியின் போட்டோவை “அடுத்த பயணம் டிசம்பரில்” என்று ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கத்தையும் நிறுத்தவேண்டியிருந்தது. அதில் நான்தான் முதல் குற்றவாளி.

பேப்பர் வேலை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பைசா வராது, ஓடாத வண்டிக்கு எதற்கு என்று முழு பாலிசியைக் குறைக்காதீர்கள். நாமாகப் பொருத்திய பேட்டரி, பேனல் எல்லாம் தனியாக எழுதிச் சேர்த்தால்தான் கணக்கில் வரும். வண்டியோடு சேர்ந்து போகாமல் உதிரிச் சாமான் மட்டும் போனால் கிடையாது என்ற வரியும் சில பாலிசிகளில் உண்டு. எனக்கு அந்த வரியில்தான் எல்லாம் போயிற்று. மாற்றிக் கட்டிய வண்டி என்றால் ஆர்சி புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்கவேண்டும். இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள், வண்டி போனால் இன்சூரன்ஸில் இரண்டையும் கேட்பார்கள். சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாள், எல்லாச் சாமானின் சீரியல் எண், நாலு பக்கமும் எடுத்த போட்டோ ஆகியவை மனைவியின் போனிலும் இருக்கட்டும்.

வண்டியே போய்விட்டால் நேரம்தான் எல்லாம். குலசேகரத்தில் இருந்து களியக்காவிளை வழியாகக் கேரளம் போக ஒரு மணி நேரம் போதும். மறுபக்கம் ஆரல்வாய்மொழி தாண்டினால் திருநெல்வேலி ரோடு. முதலில் 112க்கு அடித்து வண்டி எண்ணையும் டிராக்கர் காட்டும் இடத்தையும் சொல்லுங்கள். டிராக்கரைத் துரத்திக்கொண்டு நீங்களே போகாதீர்கள். ஃபாஸ்டேக்கை மனைவியின் எண்ணில் வைத்திருக்கிறேன், கடலில் என் போன் பாதி நாள் இருக்காது. நாங்குநேரி சுங்கச்சாவடியில் காசு பிடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். புகாருக்கு ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான சீட்டு) தருவார்கள், அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், காப்பீட்டுக்கு எஃப்ஐஆர் வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கப்பலில் எந்த மெஷினை நிறுத்தினாலும் எதை மூடினோம், எந்த ஃபியூஸை எடுத்தோம் என்று எழுதி அதன்மேலேயே அட்டை தொங்கவிடுவோம். பழக்க தோஷத்தில் வண்டி ஸ்டியரிங்கிலும் ஒன்றை எழுதித் தொங்கவிட்டேன். மனைவிதான் பார்த்துச் சிரித்தாள், “கள்ளனுக்குக் குறிப்பு எழுதி வச்சிருக்கீங்களா?” அட்டை இப்போது அவளிடம், பைபிளுக்குள் இருக்கிறது. போன தடவை ஊருக்கு வந்த மறுநாள் சக்கரம் மாட்டி, பேட்டரி வைத்து, காலை முழுக்கச் செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. டீசல் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மத்தியானச் சோற்றோடு அவள் வந்தாள். அட்டையை விரித்து இரண்டாவது வரியில் விரல் வைத்தாள். வால்வு மூடியே இருந்தது.